மலையூரில் உலக சினிமா: மாதம் ஒரு படம் திரையிட நினைப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு உலக சினிமா திரையிட்டு வருகிறோம். முதல் காட்சிக்கு நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு ஒன்பது பேர். நம் மக்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டினோம். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டோம். படத்தில் யாருக்கும் குறை இல்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றார்கள். கடைசி பஸ் போய்விட்டதால் காட்டெருமை நிற்கிற தேயிலைத் தோட்டப் பாதையில் இருட்டில் நடக்க வேண்டியதாயிற்று என்றார்கள்.

எழுத்தும் பஸ்ஸும்தான் தடை. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு கூட்டம் திரும்பி வந்தது. குன்னூரிலோ கூடலூரிலோ கொடைக்கானலிலோ இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க நாங்கள் இழந்த ஆறு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. பஸ் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தடத்தில் ஆறரை மணி. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மூன்றரை என்று அறிவித்து, மூன்றே முக்காலுக்குப் படத்தைப் போடுகிறோம். தொண்ணூறு நிமிடப் படம் ஐந்தேகாலுக்கு முடிகிறது. அரை மணி நேரம் பேச்சு. நிறுத்தத்துக்கு நடக்கக் கால் மணி நேரம். ஆறு மணிக்கு எல்லாரும் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். மீதி அரை மணி, மழைக்கும் மின்வெட்டுக்கும்.

கிழமை ஞாயிறுதான். இலை பறிப்பவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. ஆனால் சம்பளம் வந்த அடுத்த ஞாயிறு வேண்டாம். எல்லாரும் சந்தையில் இருப்பார்கள். படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும் நாட்களைத் தவிருங்கள். மே மாதம் முழுவதையுமே விட்டுவிடலாம். சீசன் நெரிசலில் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. முதல் ஆறு படங்கள்

உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை முதலில் போடாதீர்கள். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) என் மனத்துக்கு மிக நெருக்கமானது. அது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். மலைக்குளிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் அதற்கு உட்கார, ஏற்கெனவே பல படங்களைப் பார்த்துப் பழகிய கூட்டம் வேண்டும்.

என் பரிந்துரை, ஒரு தமிழ்ப்படத்தில் தொடங்குவது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) எழுபத்தைந்து நிமிடம்தான். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது பெற்றது. பாட்டு இல்லாமல், சண்டை இல்லாமல், ஒருவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் முதலில் நம் மொழியில் வரட்டும். இதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்தது இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948). எண்பத்தொன்பது நிமிடம். வேலைக்குச் சைக்கிள் அவசியம். சைக்கிளோ அடகில். மனைவி கட்டில் விரிப்புகளை உருவி எடுத்துப் போய் அடகு வைக்கிறாள். அங்கே வேலை செய்பவர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி போன்ற அடுக்கில் ஏறுகிறார். ஏறிக்கொண்டே போகிறார். கூரை வரைக்கும் மூட்டைகள். எங்கள் கூடத்தில் அந்த இடத்தில் ஒரு அம்மா, “எத்தனை வீட்டுப் போர்வை!” என்று வாய்விட்டுச் சொன்னார். அதுவரை அது ரோம் நகரத்து ஆள் ஒருவரின் கதையாக இருந்தது. நகையை அடகு வைத்து மீட்கத் தெரிந்த ஊருக்கு அதற்கு மேல் விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950), எண்பத்தெட்டு நிமிடம். நடந்தது ஒன்று, சொல்கிறவர்கள் ஆளுக்கொரு விதம். படம் முடிந்ததும் பேச்சை நிறுத்த முடியாது. பாலியல் வன்முறையைச் சுற்றிய கதை என்பதால் சிறுவர்கள் வரும் நாளில் போடாதீர்கள். பொதுவாகவே, எந்தப் படத்தையும் முழுதாக ஒருமுறை பார்க்காமல் பொதுவில் வைக்காதீர்கள்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ (1987) மலைப்பிள்ளைகளுக்காகவே எடுத்ததுபோல் இருக்கும். வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகம் தவறுதலாக வந்துவிட்டது. நாளை அது இல்லாமல் போனால் அவனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் வளைந்து வளைந்து ஏறும் குன்றுப் பாதையில் ஓடுகிறான். பள்ளிக்கூடத்தில் திரையிட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. எண்பத்து மூன்று நிமிடம்.

மழை மாதத்துக்கு மௌனப்படம் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். ஐப்பசியில் தகரக் கூரையின் கீழே எந்த வசனமும் காதில் விழாது. பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926), சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ (1928) இரண்டையும் மழைச் சத்தம் ஒன்றும் செய்யாது. கூடலூர்க்காரர்கள் இதை ஜூன், ஜூலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாவதாக பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘400 அடிகள்’ (1959), தொண்ணூற்றொன்பது நிமிடம். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ கதை’ (1953) 136 நிமிடம் என்பதால் ஒரு மணி நேரம் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அவசரப்படாமல் இரண்டாம் ஆண்டில் போடுங்கள். பிள்ளைகளைப் பார்க்கப் பட்டணத்துக்குப் போய்த் திரும்பும் வயதான பெற்றோரின் கதை அது. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்ட வீடுகள் நிறைந்த ஊரில் அந்தப் படம் முடியும்போது உடனே விளக்கைப் போடாதீர்கள். கொஞ்ச நேரம் இருட்டு இருக்கட்டும்.

3. சட்டமும் ஆவணங்களும்

டிக்கெட் விற்கவில்லை, எனவே எல்லாம் சரி என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. யாரும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினால் அது பொதுக்காட்சி. அதற்குப் பதிப்புரிமையும் பார்க்க வேண்டும்; 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழும் பார்க்க வேண்டும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1950இல் வந்த ‘ரஷோமோன்’ இந்தியாவில் 2010 முடிவில் அந்தக் காலத்தைக் கடந்தது. 1955இல் வந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 2015 முடிவில். ஆனால் படத்தில் உள்ள இசைக்கும், பிறர் எழுதிய சப்டைட்டிலுக்கும், புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்கும் தனி உரிமை இருக்கலாம். ஆகவே எந்தப் பிரதியைக் காட்டுகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும். ஊர்க்கூடத்துக்கு அது செல்லாது. தவிர, பாதுகாப்புப் பூட்டு உள்ள படத்தை மலிவான இணைப்பான் வழியாகப் புரொஜெக்டருக்கு அனுப்பினால் பல நேரம் ஒலி வரும், திரை கறுப்பாகவே இருக்கும். எங்கள் இரண்டாம் காட்சியில் நாற்பது நிமிடம் இப்படிப் போயிற்று.

பள்ளி, கல்லூரிகளுக்குச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், காப்பாளர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் இருக்கும் அவையில் திரைப்படம் காட்டலாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கடிதம் வாங்கி, வருகைப் பதிவும் வைத்துக்கொண்டால் இதுவே மிக எளிய தொடக்கம்.

தொடர்ந்து நடத்துவதென்றால் சங்கமாகப் பதிவு செய்துவிடுங்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நோக்கக் குறிப்பு, துணைவிதிகள், நிர்வாகிகள் பட்டியல், ஏழு பேரின் அடையாள, முகவரிச் சான்று, அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், தொடக்கக் கூட்டத்தின் தீர்மான நகல் ஆகியவற்றை இரண்டு இரண்டு பிரதியாகத் தயார் செய்யுங்கள். எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. தவறு எங்கள் காகிதத்தில்தான் இருந்தது: சங்கத்தைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற விதியை எழுத மறந்தோம், இரண்டு பேரின் முகவரி ஆதாரில் ஒன்றாகவும் விண்ணப்பத்தில் வேறாகவும் இருந்தது. இந்த இரண்டையும் முதலிலேயே சரிபாருங்கள். பதிவு முடிந்ததும் பான் அட்டை, வங்கிக் கணக்கு. ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் தவறக் கூடாது.

பதிவான கழகங்கள் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பில் சேரலாம். 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது அது. மற்ற ஊர்க் கழகங்களின் தொடர்பும் படங்களைப் பெறும் வழிகளும் அங்கே கிடைக்கும். ஜெர்மன் படங்களுக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் பண்பாட்டு மையமான கெதே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். கட்டணமில்லாக் காட்சிகளுக்குப் படம் தரும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. எந்தக் கடிதமானாலும் காட்சிக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுதுங்கள். தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை, உறுப்பினர்கள் மட்டுமா என்ற நான்கும் முதல் கடிதத்திலேயே இருந்தால் பதில் சீக்கிரம் வருகிறது.

4. தமிழில் சப்டைட்டில்

அதிக நேரம் கேட்பது இந்த வேலைதான். இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பயன் இல்லை.

ஒன்றரை மணி நேரப் படத்தில் எண்ணூறு முதல் ஆயிரத்து இருநூறு வரிகள் இருக்கும். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் மாலை வேளைகளில் மூன்று வாரம். உரிமை உள்ள படமானால் திரையிட அனுமதி கேட்கும் கடிதத்திலேயே தமிழ் சப்டைட்டிலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருள் இலவசம். ஒவ்வொரு வரிக்கும் எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், வசனம் என்ற வரிசை. நேரம் 00:12:04,200 --> 00:12:06,800 என்று இருக்கும். அந்த அம்புக்குறியையோ காற்புள்ளியையோ தொட்டுவிட்டால் வரி திரையில் வராது. கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்க முடியாது. எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பில் கோளாறு இல்லை, கணினியில் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டில் எழுத்துருவாக அதை அமைத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: வரி முதலில் சரியாக வந்து, போகப் போகப் பிந்தினாலோ முந்தினாலோ, நீங்கள் நேரம் குறித்த பிரதியும் காட்டுகிற பிரதியும் வேறு வேறு. நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் பிரதிக்கும் 25 சட்டம் ஓடும் பிரதிக்கும் நான்கு சதவீத வேறுபாடு. தொண்ணூறாவது நிமிடத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இனி மொழி. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று நாங்கள் நிறைய வாதாடினோம். எழுத்துத் தமிழ், ஆனால் சின்னச் சின்ன வாக்கியம் என்று முடிவெடுத்தோம். பள்ளியில் படித்த வடிவத்தைக் கண் சட்டென்று பிடிக்கிறது. பேச்சு வழக்கை எழுத்தில் பார்த்தால் பலர் ஒரு கணம் நின்று கூட்டிப் படிக்கிறார்கள். அதற்குள் வரி போய்விடுகிறது. ஒரு நேரத்தில் இரண்டு வரி, ஒவ்வொன்றும் முப்பது எழுத்துக்குள். எவ்வளவு சிறிய வசனமானாலும் இரண்டு நொடியாவது நிற்கட்டும்.

ஆங்கில சப்டைட்டிலை மட்டும் வைத்து மொழிபெயர்த்தால் நீயும் நீங்களும் ஒன்றாகிவிடும். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அந்த வேறுபாடு உண்டு. குரலைக் கேளுங்கள், யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் மனைவி கணவனை எப்படி அழைப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு வாரம் கருத்து வேறுபாடு. இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் அழைப்பதால் ‘நீ’ என்றே போட்டோம். முதல் முறை அது வந்தபோது கூட்டத்தில் சின்னச் சலசலப்பு எழுந்தது. இரண்டாவது முறை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். எங்களுக்கு இதைச் செய்து தருபவர் இலை பறிக்கும் ஒரு அக்கா. அவர் ‘போய்விட்டது’ என்று சொல்லும் இடத்தில் எல்லாம் வசனத்தைச் சுருக்குகிறோம். அவருடைய மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. காட்சி நாளில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு படித்துச் சொல்கிறார். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது இடப்பக்கம் இரண்டு வரிசையைப் படித்துச் சொல்கிறவர்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம். நீங்களும் ஒதுக்குங்கள்.

5. கூடமும் கருவிகளும்

சமுதாயக் கூடம், பள்ளி வகுப்பறை, தேயிலைத் தொழிற்சாலையின் உணவறை, எதுவானாலும் பகலில் இருட்டாக்க முடியுமா என்று பாருங்கள். கறுப்புத் துணி முப்பது மீட்டர் வாங்கினோம். கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை மறந்துவிடாதீர்கள். நான்கு மணி வெயில் அந்த வழியாகத்தான் திரையில் விழும்.

திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். தரை சமமாக உள்ள கூடத்தில் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலைத்தான் மறைக்கின்றன. நம் ஊரில் எல்லாரும் கம்பளிக் குல்லாவோடு வேறு உட்கார்ந்திருப்பார்கள். துணித் திரையானால் நடுவில் தையல் வராமல் அகலத் துணியாக எடுங்கள்; தையல் எப்போதும் யாரோ ஒருவரின் முகத்தின் குறுக்கே வரும்.

புரொஜெக்டரின் வெளிச்ச அளவு 3,000 ஏ.என்.எஸ்.ஐ. லூமென்ஸ் இருந்தால் நல்லது. இணையத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கும் சிறிய கருவிகளின் விளம்பர எண்களை நம்பாதீர்கள். பனி நாளில் குளிர்ந்த ஜீப்பிலிருந்து இறக்கி, ஆட்கள் நிறைந்த கூடத்தில் உடனே வைத்தால் லென்ஸில் ஈரம் படியும். அரை மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்து வையுங்கள். துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். வீட்டில் வைக்கும்போது பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மலை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அதைச் சரிசெய்யக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருக்கும்.

6. செலவு

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். கூட வாடகை 500, புரொஜெக்டர் வாடகை 1,200, தேநீர் 600, வண்டி 300, நோட்டீஸ் 200. மாதம் 2,800 ரூபாய், ஆண்டுக்கு 33,600. உறுப்பினர் நாற்பது பேர், ஆண்டுச் சந்தா 600. வரவு 24,000. முதலாண்டு 9,600 ரூபாய் துண்டு விழுந்தது. நாங்கள் ஏழு பேரும் பகிர்ந்துகொண்டோம்.

இரண்டாம் ஆண்டு 18,000 ரூபாய்க்குப் பழைய அலுவலகப் புரொஜெக்டர் ஒன்றை வாங்கினோம். பதினைந்து மாதத்தில் வாடகைக் கணக்கில் அது மீண்டுவிட்டது. வாங்குவதற்கு முன் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதைக் கருவியின் மெனுவில் பார்த்துவிடுங்கள். புது விளக்கு, பழைய கருவியின் விலையில் பாதி கேட்கும்.

தேநீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் குவளைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை; பிடிபட்டால் அபராதம். கீழேயிருந்து விருந்தினர் சொந்தக் காரில் வருவதானால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

7. காட்சி நாள்

அறிமுகம் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எந்த நாடு, எந்த ஆண்டு, பார்வையாளர் அறிய வேண்டிய ஒரே ஒரு செய்தி, அவ்வளவுதான். கதையைச் சொல்லாதீர்கள். இயக்குநரின் வாழ்க்கை வரலாற்றையும் சொல்லாதீர்கள்.

படம் முடிந்த பிறகு ‘என்ன புரிந்தது?’ என்று கேட்டால் கூடம் அமைதியாகிவிடும், அது பரீட்சைக் கேள்வி. ‘எந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது?’ என்று கேளுங்கள். முதலில் பேசுவது அதிகம் படித்தவராக இருக்க வேண்டாம். அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

8. ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்குப் போய் வாருங்கள்

புதிய படங்களை நல்ல திரையில் பார்க்கத் திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாதான் நமக்கு வசதி. எட்டு நாள். சமீப ஆண்டுகளில் பிரதிநிதிக் கட்டணம் வரியோடு ஏறத்தாழ 1,200 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. பதிவு இணையத்தில் பெரும்பாலும் நவம்பரில் தொடங்கும். புகைப்படமும் அடையாள அட்டையும் கையில் வைத்திருங்கள். விழா நாட்களில் இருக்கைக்கு முந்தைய நாள் காலையிலேயே முன்பதிவு செய்ய வேண்டும். தவறினால் வரிசையில் நிற்கலாம். ஒரு மணி நேரம் முன்னால் போனால் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. அதே மாதம் சென்னையிலும் சர்வதேசத் திரைப்பட விழா உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து ரயில். விழாத் தேதி அறிவித்த அன்றே டிக்கெட் எடுங்கள், சபரிமலை சீசன் கூட்டமும் அதே நாட்களில்தான். கழகத்திலிருந்து இரண்டு பேராகப் போங்கள். ஆளுக்கொரு நோட்டில் படத்தின் பெயர், நிமிடம், உரிமையாளரின் தொடர்பு மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். படம் எத்தனை நிமிடம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், நம் பஸ் ஆறரைக்கு.